பத்தரை மாற்று

பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை
காலை பத்தரைக்கு எங்கள் தலைக்கு மேல் வரும்.
வட்டிக்காரன்கூட இத்தனை ஒழுங்கில்லை.
எடை இரண்டு மூட்டை நெல்.
புதுக்கோட்டையில் ஒருவர் தும்மி
மூக்கைத் துடைப்பதற்குள்
காரைக்குடியைத் தாண்டியிருக்கும்.

சூரியனோடு ஏதோ ஒப்பந்தம் அதற்கு.
எந்த ஊரைக் கடந்தாலும்
அந்த ஊரில் அப்போது பத்தரை.
மாறாத பத்தரை, பத்தரை மாற்று.
அதனால் கண்மாய்க்கரை வேம்பின் நிழல்
அதற்கு எப்போதும் மேற்கேதான்.
எங்கள் சாயங்காலத்தை அது பார்த்ததே இல்லை.
இரவுக்கும் ஒரு பத்தரை உண்டு,
அப்போது கண்ணை மூடிக்கொண்டு போகும்.
ஐப்பசியில் வந்தால்
மேகத்தின் முதுகை எடுத்து அனுப்பும்.
நாலு வருடமாய்ச் சுற்றுகிறது.
மழை எப்படி விழும் என்று கேட்டால்
தெரியாது அதற்கு.

அனுப்புவதைப் படிப்பது என் வேலை.
காரைக்குடியில் ஒரு மாடி அறை,
இரண்டு திரை, பயிர்க் காப்பீட்டு ஒப்பந்தம்.
பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் ஒரு புள்ளி.
உள்ளே மாடு நின்றால் மாடு இல்லை.
ஆள் நின்றால் ஆளும் இல்லை.

முதல் மாதம்
கானாடுகாத்தானையே தரிசு என்றது.
நாட்டு ஓட்டுக்கும் செம்மண்ணுக்கும்
அதன் கணக்கில் ஒரே நிறம்.
மூன்று தலைமுறைப் பர்மாப் பணம்:
உழாத நிலம்.
சிரித்துக்கொண்டே கையால் திருத்தினேன்.

சாத்தையாவின் நாலு ஏக்கருக்குச் சிரிப்பு வரவில்லை.
நெல் கருகிய வயலில்
சீமைக்கருவேலம் வரப்பேறி இறங்கியிருந்தது.
பச்சை என்றால் பச்சை.
‘பயிர் நலம். இழப்பீடு இல்லை.’

“அது முள்ளுன்னு
மேல இருக்கவனுக்குத் தெரியாதா தாயி?”
“மேல யாரும் இல்லைங்க. பெட்டிதான்.”
“எப்ப வருது?”
“வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு.”

வெள்ளிக்கிழமை
கண்டனூர் ரைஸ்மில்லிலிருந்து
நெல் காயப்போடும் நீலத் தார்ப்பாய்கள்,
பதினைந்து, டாடா ஏஸில் வந்து இறங்கின.
கருகின தாளின் மேல் விரித்து
மூலைக்கொரு கல் வைத்தார்கள்.
இங்கே ஒன்றும் விளையவில்லை என்பதை
வேறெப்படிச் சொல்வது?

பத்து இருபத்தெட்டு. எல்லோரும் அண்ணாந்தோம்.
ஒரு பருந்து.
போட்டோ எடுக்குது என்றதும்
வெள்ளைக்கண்ணு
சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார்.
அவர் மகள் செகப்பி
கும்பிடுவதா கையாட்டுவதா என்று தெரியாமல்
பாதி கும்பிட்டாள்.

பத்து முப்பத்தொன்று.
“வந்துட்டுப் போயிருச்சா?”
“இந்நேரம் நடுக்கடல்.”
சத்தம்கூட இல்லையே என்று
சாத்தையாவுக்கு வருத்தம்.

ஞாயிறன்று படம் வந்தது.
ஆறு புள்ளி.
நிரல் தானாக எழுதியிருந்தது:
‘நீர்நிலை. புதியது. அறுநூறு சதுர மீட்டர்.’

முந்நூறு அடி இறக்கியும்
காற்று மட்டும் வந்த நிலம் அது.
வரைபடத்தில் இப்போது ஒரு குளம்.
குளமிருந்தால் பாசனம் இருக்கும்.
பாசனமிருந்தால்
இழப்பீட்டுக் கோப்பை எவன் திறப்பான்?
படிவத்தில் ‘மற்றவை’ என்றொரு கட்டம், சின்னது.
‘தார்ப்பாய். பக்கத்தில் முள். நெல் இல்லை.
நான் நேரில் நின்றேன்’ என்று எழுதினேன்.
நாற்பது எழுத்துக்கு மேல் ஏற்காது என்றது.
‘நான் நேரில் நின்றேன்’ மட்டும் மிஞ்சியது.

சொல்லிவிட்டு வரலாம் என்று
ஐந்தரைக்கு வண்டியை எடுத்தேன்.
வேம்பின் நிழல் கிழக்கே நீண்டு கிடந்தது.
சனிக்கிழமை ராத்திரி ஒரு தூறல்.
திருப்பி எடுத்துப் போகாத தார்ப்பாய் ஒன்று
நடுவில் தொய்ந்து, அதில் நாலு குடம் தண்ணீர்.
ஒரு கொக்கு நின்றது.
சாத்தையா தள்ளி உட்கார்ந்து
அதைக் கலைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

குளத்தைப் பற்றிச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்,
“மறுபடி எப்ப வருது?”
“புதன்கிழமை, பத்தரைக்கு.”
கொக்கு தலையைத் தாழ்த்தி
ஒரு வாய் குடித்தது.
“அதுக்குள்ள காஞ்சுரும்,” என்றார்.